கண்ணைச் சுற்றிய வளையம்

டங்கென்று விழுந்த தட்டு, சமையலறைத் தரையில் சுழன்று சுழன்று அடங்கியது. அந்த வாரத்தில் மூன்றாவது முறை.

எடுக்கக் குனிந்த சுவாதியின் கை வெடவெடவென்று நடுங்கியது. பதினோரு வயதுப் பெண். மாலதி மகளின் முகத்தை நிமிர்த்தினாள். கடலூர் முதுநகரின் கருவாட்டு வாடையோடு ஜன்னலில் நுழைந்த சாயங்கால வெயில் குழந்தையின் கண்ணில் விழுந்தது. கருவிழியின் விளிம்பில், துருவும் பச்சையும் கலந்த தங்க நிறத்தில், மெல்லிய வளையம்.

அதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன், மூத்தவன் அன்புமணியின் கண்களை மூடிவிட்டபோது. ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுவந்த கணவன் பூவரசன், மஞ்சள் காமாலை என்றுதான் சொன்னான்.

"செத்தவன் தங்கச்சி கண்ணுல வந்து குந்திக்கிட்டான்டி," என்றாள் பக்கத்து வீட்டு இருசம்மாள். "கோயில்ல வச்ச செம்புக்கொடத்துத் தண்ணிய ஒரு மண்டலம் குடு. எறங்கிடுவான்."

கொடுத்தாள். விடிந்ததும் ஒரு டம்ளர்.

வளையம் தடித்தது. மின்வெட்டில் வீடு இருண்டபோதெல்லாம், சுவர் மூலையிலிருந்து சுவாதியின் வளையல்கள் ஓயாமல் கிணுகிணுத்தன. பிறகு பேச்சும் குழறியது. அன்புமணியின் கடைசி மாதக் குழறல். அதே இழுப்பு.

"ம்... மா."

முதுகுக்குப் பின்னால். மாலதி திரும்பவில்லை.

நாற்பதாம் நாள், மகளோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள். கண் டாக்டர் விளக்கை அணைத்தார்.

"சொந்தத்துல கல்யாணமாம்மா?"

"தாய்மாமாவத்தான் கட்டுனேன்."

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒரே கொறை. சாப்பாட்டுல இருக்கற செம்பு வெளிய போகாம ஈரல்ல, மூளையில, கண்ணுல தேங்குது. மருந்து இருக்கு. நடுக்கத்துக்கு முந்தியே ஆரம்பிச்சிருந்தா, புள்ள இந்தக் கதிக்கு வந்திருக்காது."

செம்பு.

வீட்டுக்கு வந்து குடத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் கவிழ்த்தபடியே நின்றாள்.

வாசலில் பூவரசன். எதுவும் கேட்கவில்லை. மகளின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"என்ன நோவுன்னு கேக்கலியா மாமா?"

"அன்பு செத்தன்னிக்கே டாக்டரு சொன்னாரு மாலதி, பாப்பாவயும் கூட்டியாந்து காட்டச் சொல்லி... ஒந்தம்பி மவனுக்குப் பேசி வச்ச பொண்ணு, வெளிய தெரிஞ்சா கட்டுவாங்களான்னு வாய மூடிக்கிட்டேன்."