சிரட்டையில் வைத்தவை

இதில் ஒரு சொல்லாவது பொய்யென்றால் என் வாயில் மிஞ்சியிருக்கும் பற்கள் இன்றைக்கே உதிரட்டும். கட்டுக்கலைப் பிள்ளையார் மேல் ஆணை. கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தந்தான். கற்பூரம் இப்போது விற்கிற விலைக்கு வாய்ச் சத்தியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். குண்டசாலையில், மகாவலிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் நடந்தது இது.

தேங்காய்ச் சிரட்டை வெறுமையாக இருந்தது.

சோதிலிங்கம் குசினியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் குனிந்து பார்த்தார். காலையில் மூக்கைத் துவாயால் கட்டிக்கொண்டு, கடதாசித் துண்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதற்குள் போட்டிருந்தார். சின்னஞ்சிறு திராட்சைக் குலைக்கு எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மினுங்கிய, தொட்டால் நசியும் சாமான்கள். அந்தூரியச் சாடிகளுக்கு உரமாகட்டும் என்று இன்னொரு சிரட்டையால் மூடியும் வைத்திருந்தார். ஒரு பிசுக்குக்கூட மிஞ்சவில்லை. எலியென்றால் சிந்தியிருக்கும், காகமென்றால் சிரட்டை உருண்டிருக்கும். இதுவோ உட்புறம் ஈரமாக, ஒரே பக்கமாக வழித்தெடுத்த தடங்களோடு இருந்தது. எடுத்தது எதுவோ, மூடியைத் திரும்ப ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருந்தது.

அந்தச் சாமான்கள் முயல் போட்டவை. வீட்டுக்குள் முயல் வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி சத்தியபாமா. டெங்குக் காய்ச்சல் விட்டுப்போனபோது அவளுடைய பசியையும் கையோடு கொண்டு போய்விட்டது. சோறு அவளுக்கு ஈரத்துணியாக மணத்தது. கஞ்சி தொண்டையைத் தாண்டினால் அதே வழியால் திரும்பி வந்தது. காப்புகள் முழங்கைவரை ஏறி இறங்கின. எதையாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா கட்டிலைவிட்டு எழும்பவாவது ஒரு சாட்டு வேண்டுமென்று மகள் றஜிதா, கொழும்புக்கு வேலைக்குத் திரும்புமுன், திகனவில் மஹ்மூத்தின் பிராணிக் கடையில் ஒரு சோடி முயல் வாங்கிக் கொடுத்தாள். நெற்றியில் கறுப்பு விழுந்தது பொட்டு. மற்றது பஞ்சு.

சத்தியபாமா எழும்பினாள். இரண்டுக்கும் உரோமம் வாரினாள், நகம் வெட்டினாள், கங்குங் கீரையைக் கழுவி நீர் வடித்து நுனி நுனியாக ஊட்டினாள். அவை அலுமாரியின் காலைக் கொறித்தன, டெலிபோன் வயரைத் தின்றன, கதிரைக்குக் கதிரை தாவின. சோதிலிங்கம் வயர்களுக்குத் தோட்டக் குழாயைப் பிளந்து உறை போட்டார். அவர் நில அளவைத் திணைக்களத்தில் இருந்து பென்சன் எடுத்தவர். மச்சம் தொடாத சைவம். ஒருவர் வாய் வைத்த கோப்பையைக் கழுவினாலும் அதில் தேத்தண்ணி குடிக்காத மனிதர். வெள்ளிதோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவுகிற வீட்டில் முயல் மூத்திரம் மணத்ததை, மனைவி எழும்பி நடக்கிறாளே என்று பொறுத்துக்கொண்டார்.

ஆனால் ஒரு விடியற்புறம், சுவாமிப் படத்துக்குப் பூ வைக்கப் போகும் வழியில், அலுமாரியின் கீழே பொட்டு தன் பின்னங்கால்களுக்கிடையில் தலையைப் புதைத்திருந்ததைக் கண்டார். அது தன் உடம்பிலிருந்தே எதையோ வாயால் இழுத்தது. நிமிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மினுங்க, மிக நிதானமாக மென்று விழுங்கியது.

அன்று அவர் பல் விளக்கி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

சைவ வீட்டில், சுவாமியறைக்குப் பக்கத்தில், தன் மலத்தைத் தானே தின்னும் ஒரு சீவன். வெளியே விடவும் முடியாது. சத்தியபாமா அதோடுகூட வாசற்படியில் போய் இருந்துவிடுவாள். யோசித்துவிட்டு, அவளுடைய பழைய நெஞ்சு எக்ஸ்ரே படத்தை எடுத்து வெட்டி, இரண்டு கூம்புகள் செய்து, முயல்களின் கழுத்தைச் சுற்றி ஒட்டினார். தலை பின்னால் திரும்பாது. முன்னால் கீரை தின்னலாம். பொட்டு அவளுடைய விலா எலும்புகளைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தது.

“இந்த மனிசனுக்கு முயலும் கால்முகம் கழுவி, திருநீறு பூசித்தான் சாப்பிட வேணும்,” என்று சத்தியபாமா முயலிடம் சொன்னாள். அவருக்கு அது சந்தோசமாயிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் விட்ட முதல் பகிடி அது.

கூம்பு போட்ட நாளிலிருந்து அந்தக் கறுத்த குலைகள் விடியற்காலைகளில் தரையில் கிடந்தன. அவர் பொறுக்கிச் சிரட்டையில் போட்டார். சிரட்டை வெறுமையானது. போட்டார். வெறுமையானது.

அதே நாட்களில்தான் சத்தியபாமா தேறத் தொடங்கினாள். கன்னக்குழி தூர்ந்தது. காப்புகள் மணிக்கட்டில் நின்றன. தோல் எண்ணெய் வைத்ததுபோல் மினுங்கியது. தன் கைக்கஞ்சிதான் அவளைத் தூக்கியதென்று அவர் மகளுக்கு டெலிபோனில் பெருமையடித்தார். பிறகு ஒருநாள் குசினித் தொட்டியின் ஓட்டை அடைத்துக்கொண்டது. கம்பியால் கிண்டியபோது வந்ததெல்லாம் கஞ்சி. பழையது, புளித்தது, பூஞ்சணம் பிடித்தது. அவள் ஒரு கரண்டியும் குடித்திருக்கவில்லை.

அப்படியானால் எதைத் தின்கிறாள் என்று அவர் தன்னைக் கேட்கவில்லை. கேள்வி வந்து கதவடியில் நின்றது, அவர் திறக்கவில்லை.

முயல்கள் மெலிந்தன. பஞ்சுவின் முதுகெலும்பு விரலுக்குத் தட்டியது, உரோமம் பிடிபிடியாகக் கழன்றது. அதற்கு மருந்து கேட்கிற சாக்கில் அவர் பஸ் ஏறித் திகனவுக்குப் போனார். மஹ்மூத் கிளிக்கூட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார், கூம்பு என்றதும் கையை நிறுத்தினார். முயல் போடுவதில் காய்ந்தது கழிவு, இந்த மெத்தென்றது கழிவல்ல, புல்லின் சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது, ஒருதரம் வயிற்றைக் கடந்ததை மறுதரமும் தின்றால்தான் முயலுக்கு உடம்பில் ஒட்டும் என்று விளக்கினார்.

“நீங்க ராவு மிஞ்சின புட்ட காலைல சூடாக்கித் திங்கியல்லயா ஐயா? அந்த மாதிரித்தான் இதுவும். அதுட சாப்பாட்ட அதுக்கே குடுங்க.”

சோதிலிங்கம் அன்றோடு புட்டுச் சாப்பிடுவதை விட்டார்.

திரும்பும்போது பொழுது பட்டு மைம்மல். மழை விட்டு, ஆற்றுப் பக்கமிருந்து பனிப்புகார் எழும்பி ஒழுங்கையை நிறைத்திருந்தது, விகாரையின் ஒலிபெருக்கியில் பிரித் ஓதுவது ஈரத்துணிக்குள்ளால் வருவதுபோல் வந்தது, வீட்டில் விளக்கில்லை. கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அப்பியது, வெட்டிக் குவித்த புல் பொலித்தீன் பைக்குள் நாட்கணக்கில் வெந்து புளித்தால் வருமே, அந்த மணம், அதற்கடியில் ஒரு இனிப்பு, அந்த இனிப்புத்தான் தாங்க முடியாதது. செருப்பைக் கழற்றினார். நடையில் நின்றார்.

மெல்லும் சத்தம் கேட்டது.

கொறிப்பதல்ல. ஈரமாக எதையோ நசிப்பது. நாக்கில் ஒட்டி, விட்டு, ஒட்டி.

அலுமாரிக்கு முன்னால் சத்தியபாமா நாலு காலில் இருந்தாள். நெற்றி தரையில். பொட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். கூம்பின் விளிம்பு தரையில் உரசிக்கொண்டிருந்தது. முயலின் பின்புறம் அவள் முகத்தோடு ஒட்டியிருந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார்.

அவள் திடுக்கிடவில்லை. முயலை இறக்கி விட்டாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பற்களின் இடுக்கெல்லாம் கறுப்பு.

“கோவிக்காதேங்கோ அப்பா,” என்றாள். “இது ஒண்டுதான் வயித்தில நிக்குது.”

அன்றிரவே அவர் கூம்புகளைக் கழற்றினார். அவளை அறைக்குள் வைத்துக் கதவுகளைப் பூட்டினார். முயல்கள் தங்களுடையதைத் தாங்களே தின்று தேறின. அவள் தேயத் தொடங்கினாள். கஞ்சி வைத்தார், துப்பினாள். பால் கொடுத்தார், திரும்ப வந்தது. அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பூட்டிய கதவின் கீழ் இடைவெளியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தாள். காப்புகள் மறுபடி முழங்கைக்கு ஏறின. ஒருநாள் ஒரு காப்பு தானாகக் கழன்று, சிமெந்துத் தரையில் உருண்டு உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தது.

அவர் கூம்புகளை எடுத்தார். தன் கையால் ஒட்டினார். விடிந்ததும் பொறுக்கி, சிரட்டையிலல்ல, எவர்சில்வர் தட்டில் வைத்து, கரண்டியும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கதவுக்குள் தள்ளினார்.

கரண்டிச் சத்தம் கேட்கவில்லை. தட்டை நக்கும் சத்தம் கேட்டது.

முதலில் பஞ்சு செத்தது. பிறகு பொட்டு. பலாமரத்தடியில் ஈரமண்ணைத் தோண்டிப் புதைத்தார். இரண்டும் சுருட்டிய பத்திரிகையளவும் பாரமில்லை. வேறொரு சோடிக்குத் திகனவுக்குப் போனபோது, கூம்போடுதான் செத்தனவா என்று மட்டும் மஹ்மூத் கேட்டார். இவர் தலை குனிந்தார்.

“வாயில்லா சீவன் ஐயா. ஒங்களுக்கு இனி நான் முயல் தர மாட்டன்.”

கண்டியில் வேறு கடை இல்லாமலில்லை. தேடித் திரியுமளவுக்கு அவளிடந்தான் நாளில்லை. வீட்டுக்கு வந்தபோது அவள் மூச்சு மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்தார். அவள் மூக்கு அசைந்தது. மேலுதடு நடுவில் சுருங்கி, விரிந்து, சுருங்கியது. கண் திறக்காமலே அவரை மோந்தாள். கழுத்தை. நெஞ்சை. வயிற்றில் வந்து நின்றுவிட்டாள். அங்கே முகத்தை வைத்தாள், வெகு நாளைக்குப் பிறகு அவள் வாயில் எச்சில் ஊறியது.

அவருக்கு விளங்கியது.

விளங்காததுபோல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

முயல்களின் புல் அரைச் சாக்கு மிஞ்சியிருந்தது. சாப்பாட்டு மேசையில் கொட்டினார். பக்கத்தில் கங்குங் கீரை. கழுவவில்லை. வேலியோரம் பிடுங்கிய கினிப்புல், வேரோடு. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

முதல் பிடி. நாக்கை அறுத்தது. விழுங்கினார்.

இரண்டாவது. தண்ணீர் குடித்து விழுங்கினார்.

வெளியில் புகார். விளக்குப் போடவில்லை. தாடை நொந்தது. பச்சைச் சாறு நாடியால் வழிந்து வேட்டியில் சொட்டியது. வயிறு ஊதியது. உள்ளே ஏதோ புரண்டது. மென்றார்.

மேசைக்குக் கீழே ஒரு உரசல்.

அவள் வந்துவிட்டாள். நாலு காலில். அவருடைய கதிரைக்குப் பின்னால் சுருண்டு படுத்தாள். முழங்காலின் பின்புறத்தில் அவள் மூச்சு. சூடாக. ஈரமாக. குட்டி குட்டியாக.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மென்றார்.

அவள் காத்திருந்தாள்.

நான் முயலைப் படத்தில் மட்டுமே பார்த்தவன், என் வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு சோடி வேண்டுமென்று நிற்கிறாள்.