ஏழாம் எண் யாரிடம்?

அரிகிருஷ்ணன் முத்தியால்பேட்டை மாடியறைக்குக் குடிவந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெட்டி, ஒரு பாய், போர்வையில் சுற்றிய கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அவன் சொத்து. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர் என்பதால் தெருவில் அந்த வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். இப்போது அதில் இருப்பது அவர் மனைவி ஆனந்தமேரி ஒருத்தி மட்டும்தான்.

சாவியைக் கொடுக்கும்போதே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மத்தியானத்துல சத்தம் கூடாது தம்பி. நான் படுத்துடுவேன்."

அது ஒன்றும் அதிசயமில்லை. மத்தியானமானால் பாண்டிச்சேரியில் கடைக்காரர்களே ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அரிகிருஷ்ணன் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு முடித்துத் திரும்பும்போது தெருவே அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியில் உட்கார்ந்து பாடத்தைப் புரட்டுவான். சாயங்காலம் நெட்வொர்க் வகுப்புக்குப் போவான். பூட்டைப் பூட்டியபின் இரண்டு முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பிவந்து இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிற ஆள் அவன்.

ஒரு நாள் ஆனந்தமேரி மாடிக்கு வந்தாள். அறைக்குள் கால் வைக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடியே பேசினாள்.

"நீ நெட்வொர்க்குதானே படிக்கிற? நம்ம நெட்ட யாராவது திருடுறாங்களான்னு பாத்துச் சொல்லேன். கீழ மோடத்துல மத்தியானமானா வெளக்கு தானா மினுக்குது. நான் அது பக்கமே போறதில்ல."

"பக்கத்து வீட்டுப் பசங்களா இருக்கும் ஆன்ட்டி. ஒயர்லெஸ்ல புகுந்திருப்பானுங்க."

"இருக்கணும்," என்றாள் அவள். "திருடனா இருக்கட்டும்னு மாதாகிட்ட வேண்டிக்கிறேன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளு. என் பொண்ணு மெரின் காரைக்கால்லேருந்து வர்றா. அதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்."

அரிகிருஷ்ணனை நம்பி ஒருவர் ஒரு வேலையை ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை. முறையாகத் தொடங்கினான். முதலில் ஒயர்லெஸ்ஸை நிறுத்தினான். வெளியாள் என்றால் விளக்கு மினுக்குவது அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மோடத்தில் இருந்த கேபிள்களை ஒவ்வொன்றாக உருவினான். தன் அறைக்கு வரும் கேபிள் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். பிறகு, லைனில் போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தகவல் துணுக்கையும், பிடித்துத் திரையில் காட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓடவிட்டுக் காத்திருந்தான்.

இப்போது அந்த நெட்வொர்க்கில் அவனைத் தவிர யாருமில்லை.

தெரு உறங்கியது. திரையில் ஒரு வரி வந்தது.

*ஏழு யாரிடம்? நான்கிற்குச் சொல்லுங்கள்.*

அது சாதாரணமான கேள்விதான். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. ஒரு வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு பேசத் தொடங்குமுன், எல்லாருக்கும் கேட்கும்படி இப்படித்தான் கூவும். அந்த எண்ணுக்கு உரியது மட்டும் 'நான்தான்' என்று பதில் கொடுக்கும். பிறகுதான் பேச்சே தொடங்கும். ஆனால் அந்த வீட்டில் நான்கும் இல்லை, ஏழும் இல்லை.

கேள்வி மறுபடி வந்தது. மறுபடி. பதிலில்லாமல், அலுக்காமல்.

ஸ்கிரிப்டில்தான் பிழை என்று முடிவுகட்டினான். அவனுக்கு எப்போதும் முதல் சந்தேகம் தன் மேல்தான். உட்கார்ந்து முழுக்கத் திருப்பி எழுதினான். மறுநாள் மத்தியானமும் அதே வரி.

சாயங்காலம் வகுப்பில் சக்கரபாணி சாரிடம் கேட்டான்.

"கேக்கறவன் யாருன்னு தெரியலன்னா சும்மா பாத்துக்கிட்டே இருந்தா ஆச்சா?" என்றார் அவர். "பதில் சொல்லுய்யா. ஏழு நான்தான்னு பொய் சொல்ல ஸ்கிரிப்ட் எழுது. நம்பிட்டான்னா மொத்தத்தையும் உன்கிட்டயே கொட்டுவான். நீ படிச்சுக்க வேண்டியதுதான்."

"பொண்ணா இருந்தா எங்களுக்கும் ஒரு வார்த்த சொல்லுடா," என்றது பின்பெஞ்சு. வகுப்பே சிரித்தது.

சனிக்கிழமை மத்தியானம். வானம் இருட்டிக் கிடந்தது, ஆனால் மழை இல்லை. கீழே ஆனந்தமேரியின் கட்டில் கிரீச்சிட்டு அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் கத்திக்கொண்டிருந்த காக்கை பாதியில் நிறுத்தியது.

*ஏழு யாரிடம்? நான்கிற்குச் சொல்லுங்கள்.*

சார் சொன்னபடி அவன் எழுதி ஓடவிட்டிருந்த ஸ்கிரிப்ட் அவனைக் கேட்காமலே பதில் சொன்னது.

*ஏழு நான்தான்.*

கேள்வி நின்றது.

அத்தனை நாள் விடாமல் கேட்டது, சட்டென்று நின்றுபோனது.

அறைக்குள் ஒரு வாடை வந்தது. மழை வாடை இல்லை. கரையில் குவித்துப் போட்ட ஈர வலையிலிருந்து வருமே, அந்த உப்பு வாடை. காற்றே இல்லாத அறையில் அது மெல்லப் பரவியது.

திரையில் எழுத்துகள் விழுந்தன. ஆங்கில எழுத்தில் தமிழ்.

*வந்துட்டியா பாப்பா*

அரிகிருஷ்ணன் அசையவில்லை.

*எவ்ளோ நாளா கூப்புடுறேன்*

*செவுத்த தட்டட்டுமா*

அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் மூன்று தட்டு விழுந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது. வெறும் வெளி.

கேபிளைப் பிடுங்கி எறிந்துவிட்டு படிகளில் இறங்கி ஓடினான். கடைசிப் படியருகே ஆனந்தமேரி நின்றுகொண்டிருந்தாள். தூங்கிய முகமாக இல்லை.

"பதில் சொன்னியா?" என்று கிசுகிசுத்தாள்.

அவன் தலையாட்டினான். அவள் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெர்ரி, என் பையன். இந்த ஒயரெல்லாம் அவன் இழுத்ததுதான். அவனுக்கு நாலு, தங்கச்சிக்கு ஏழுன்னு அவனே நம்பர் குடுத்தான். அவன் மேல, அவ கீழ. நான் தூங்கறப்ப சத்தம் போடக் கூடாதில்ல? கம்ப்யூட்டர்லயே பேசிக்குவாங்க. வைத்திக்குப்பத்துக் கடல்ல குளிக்கப் போனவன் திரும்பல. உடம்பும் கெடைக்கல தம்பி. காலிப் பெட்டியத்தான் பொதச்சோம்."

"அப்பறம்?"

"அப்பறம் மெரின் மத்தியானத்துல தனியா சிரிக்க ஆரம்பிச்சா. ஒருநாள் கடல்ல இடுப்பளவு தண்ணியில நின்னுட்டிருந்தவள குப்பத்து ஆளுங்க இழுத்தாந்தாங்க. தலையெல்லாம் ஈரம். 'அண்ணன் கூப்புட்டுச்சும்மா, வர்றேன்னு சொல்லிட்டேன்'னா. அன்னைக்கே காரைக்கால் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவ லேப்டாப்பயும் ஒழிச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி."

"திருடன்னு நீ சொல்லிட மாட்டியான்னு இருந்தேன்டா." அவள் குரல் உடைந்தது. "அவன் கேட்டுட்டே இருந்தா பரவால்ல. பதில் வராத வரைக்கும் வெளியதான் நிப்பான்."

ஜெர்ரியின் கம்ப்யூட்டர் பரண்மேல் இருந்தது. அரிகிருஷ்ணன் ஏறி இறக்கினான். எதையும் சரிபார்க்காமல் விட அவனால் முடியாது. உள்ளே நெட்வொர்க் கார்டில், கார்டுக்கு ஒன்றாகக் கம்பெனியே ஒட்டி அனுப்பும் நீள எண்ணைப் பார்த்தான். திரையில் ஒவ்வொரு கேள்வியோடும் பதிவாகியிருந்த கார்டின் எண்ணும் அதேதான். கார்டு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

"இதையும் கடலுக்கு எடுத்துட்டுப் போயிருந்தானா?"

"கம்ப்யூட்டர் எங்கியும் போவல தம்பி," என்றாள் ஆனந்தமேரி. "அவன்தான் போனான்."

அன்று மாலையே மோடத்தையும் அந்தப் பெட்டியையும் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். ஒயர்களை அரிகிருஷ்ணனே வெட்டிச் சுருட்டினான்.

ஞாயிறு காலை மெரின் வந்தாள். ஒல்லியான, வாய் ஓயாத பெண். "மாடிக்கு வந்த இஞ்சினியரு நீங்கதானா அண்ணா? எங்கம்மா உங்களையும் மத்தியானத்துல வாயத் தெறக்க விடறதில்லையாமே!" என்று சிரித்தாள். தாயும் மகளும் சாமந்தியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போய் வந்தார்கள். சாப்பிட்டார்கள். படுத்தார்கள்.

அரிகிருஷ்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதா என்று ஒரே ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டான். மோடம் இல்லை, ஒயர் இல்லை, கேபிள் செருகும் பின்பக்கத் துளை காலி. பார்க்கும் ஸ்கிரிப்டை மட்டும் ஓடவிட்டான்.

கறுப்புத் திரை. வெகுநேரம் எதுவும் இல்லை. அவன் மூச்சுவிட்டான்.

*ஏழு யாரிடம்?*

அதே கணத்தில் கீழே ஒரு கட்டில் கிரீச்சிட்டது.

வெறும் பாதங்கள் தரையில் நடக்கும் ஓசை. கூடத்தில் வந்து நின்றது.

"ம்?" என்றது மெரினின் குரல், தூக்கக் கலக்கத்தில். யாரோ கூப்பிட்டதுபோல்.

*ஏழு யாரிடம்? நான்கிற்குச் சொல்லுங்கள்.*

வாசல் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.

"அண்ணா… நான்த—"

அவள் வாய் அந்தச் சொல்லை முடிக்குமுன் அவன் விரல்கள் முந்திக்கொண்டன. நேற்றைய ஸ்கிரிப்டைத் தட்டினான்.

*ஏழு நான்தான்.*

கீழே தாழ்ப்பாள் நின்றது. பாதங்கள் திரும்பி நடந்தன. கட்டில் கிரீச்சிட்டு அடங்கியது.

உப்பு வாடை அறையை நிறைத்தது.

இந்த முறை சுவரில் தட்டவில்லை. கதவில்.

மூன்று தட்டு.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி அவன் இறங்கியபோது மெரின் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"எத்தினி மாசம் கழிச்சு நேத்துதான் நல்லாத் தூங்குனேன்ணா. நடுவுல ஒரே ஒரு தடவ முழிப்பு வந்துது. மேல நீங்க ரெண்டு பேரும் அப்டி சிரிச்சீங்க. யாரு, ஃப்ரெண்டா?"

அவனுக்குச் சிரித்த நினைவில்லை. கதவில் தட்டு விழுந்தபிறகு நடந்த எதுவும் நினைவில்லை.

"தல என்னண்ணா இப்படிச் சொட்டுது? மழ கூட இல்லையே."

தலையைத் தொட்டான். நனைந்திருந்தது. விரலிடுக்கில் மணல் நெருடியது.

பூட்டினோமா என்று பார்க்கப் படியேறினான். கதவு திறந்துதான் கிடந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருந்தது, பிளக்குகூடப் பிடுங்கிக் கிடந்தது. குனிந்து மேசைக்கடியில் பார்த்தான்.

கேபிள் இல்லாத அந்தத் துளையின் ஓரத்தில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.