தூர் வாரிய கால்வாயில் ஒரு பிணம்

பிணம் வெளியே வருவதற்கு முன்னால் ஒரு செருப்பை அனுப்பி வைத்தது.

கால்வாயை அடைத்திருந்த சேற்றை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரர், அதைத் தூக்கி ஓரமாக வீசினார். விடிந்ததிலிருந்து மழை. அவர் கடையில் சர்க்கரை மூட்டைகள் கரைந்துகொண்டிருந்தன. நகராட்சிக்குப் போன் போட்டால், ‘வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு வரவேற்கிறோம்’ என்று ஒரு பெண் குரல் தேனாகச் சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது. தெருவே கடப்பாரையோடு இறங்கிவிட்டது.

அடுத்த இழுப்பில் ஒரு கால் வந்தது.

கடைக்காரர் போட்ட அலறலில் மழையே ஒரு நொடி தயங்கியது!

இடுப்பில் தொங்கிய சாவிகளை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். நகராட்சிக் குடோன் பொறுப்பாளர். ஊரில் அவருக்குப் பெயரே ‘சாவிக்கொத்து’. இரண்டு மாதத்துக்கு முன் காணாமல் போனவர். சொல்லாமல் லீவு போட்டதற்கு விளக்கம் கேட்டு நகராட்சி அவருக்கு இன்னமும் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தது.

“மண்டையில அடி, மேடம்,” என்றார் ஏட்டு. “பக்கத்துலயே இது கிடந்துச்சு.”

முழங்கை நீள ஸ்பானர். பிடியில் மஞ்சள் பெயின்ட்டில் ‘பம்ப் ரூம்’.

கூட்டம் மொத்தமும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தது. நகராட்சியின் பம்ப் ஆபரேட்டர். மழை வந்தால் வாய் ஓயாது என்பதால் ‘தவளை’ என்று பெயர். இப்போது அந்த வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

“காணாமப் போன அன்னைக்கு உனக்கும் அவருக்கும் சண்டையாமே?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

“வாய்ச் சண்டைம்மா. புது மோட்டார் வந்துச்சே, எடுத்துக் குடுங்கன்னேன். குடோன்ல இல்லைங்கிறார். புது ஆணையர் ஐயா ரூம்ல, அவர் கண்ணு முன்னாலதான் கத்திக்கிட்டோம்.”

“ஸ்பானர்?”

“என்னோடதுதான். ஆனா பம்ப் ரூமுக்குக் கதவே கிடையாதும்மா. நாய்கூட வந்து எடுத்துட்டுப் போகலாம்.”

“நாய் மண்டையில அடிக்காதுய்யா. ஏட்டு, இவனை ஸ்டேஷனுக்கு அனுப்புங்க.”

தவளையின் மனைவி ஓடி வந்து ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அவருக்கு வாய்தான்மா நீளும், கை நீளாது. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பிள்ளைங்க ரெண்டையும் பக்கத்து வீட்டு மாடியில விட்டுட்டு வந்திருக்கேன். இவரையும் தூக்கிட்டுப் போயிட்டா நான் எங்க போய் நிப்பேன்?”

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவப்பட்டால் வழக்கு முடியாதே!

“நகராட்சியில எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு என்ன பதில் வருதுன்னு பார்க்கலாம். நீ வீட்டுக்குப் போ.”

“வீடு எங்கம்மா இருக்கு?” என்று அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். இறக்கிவிட யாருக்கும் மனசு வரவில்லை.

நகராட்சி அலுவலகம்...

தரைத்தளத்தில் இருந்த வெள்ளக் கட்டுப்பாட்டு அறை, வெள்ளத்துக்குப் பயந்து மாடிக்கு ஓடி வந்திருந்தது. அங்கே சொட்டு ஈரமில்லாத தரையில், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, நகராட்சித் தலைவர் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பொறியாளர் குடை பிடித்தார். மூலையில் ஆணையர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கொலை நடந்த வாரம்தான் மாற்றலாகி வந்தவர். வந்த புதிதில் இருந்த தொப்பை இந்த இரண்டு மாதத்தில் காணாமல் போயிருந்தது.

“இன்ஜினியர் சார், அந்தக் கால்வாயைத் தூர் வாரினீங்களா?”

“பளிங்கு மாதிரி வாரினோம். போட்டோ இருக்கு.”

“எப்போ?”

“ரெண்டு மாசம் இருக்கும். சாவிக்கொத்து காணாமப் போன மறுநாள்.”

“செத்து ரெண்டு மாசம் ஆச்சுன்னு டாக்டர் சொல்றார். பிணத்துக்கு மேல ஒரு ஆள் உயரத்துக்குச் சேறு. நீங்க வாரும்போது அவர் எங்க போயிருந்தார்? டீ குடிக்கவா?”

பொறியாளர் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

“அது... போட்டோவுல தெரியற வரைக்கும் வாரினோம் மேடம்.”

“அப்படிச் சொல்லுங்க. தூர் வாரப் போறோம்னு முதல் நாளே மைக் கட்டி ஊரெல்லாம் சொன்னீங்க. நாளைக்குத் தோண்டப் போற இடத்துல எவனாவது பிணத்தை ஒளிப்பானா? வார மாட்டாங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சவன்தான் ஒளிப்பான். அது உங்களுக்குத்தானே தெரியும்?”

பொறியாளர் வெளுத்தார். குடை தலைவர் தலைமேல் மடங்கியது.

அப்போது ஏட்டு மெதுவாக இருமினார்.

“மேடம்... வார மாட்டாங்கன்னு எனக்கே தெரியும்.”

“எனக்கும் தெரியும்,” என்றார் தலைவரின் டிரைவர்.

“ஸ்கூல் பசங்களுக்கே தெரியுங்க,” என்றார் போட்டோக்காரர்.

“தெரியாதவங்க யாரும்மா இருக்கா?” என்றாள் தவளையின் மனைவி.

இன்ஸ்பெக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இப்போது ஊரே சந்தேகப் பட்டியலில்! நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பானர் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டென்று நிமிர்ந்தார்.

“நான் தலைகீழா யோசிச்சுட்டேன். ஒளிக்கிறவன் எதுக்கு ஸ்பானரைப் பக்கத்துலயே வைக்கணும்? அதுவும் பெயர் எழுதின ஸ்பானர்? இது ஒளிச்ச பிணம் இல்லை. கண்டுபிடிக்கறதுக்காக வச்ச பிணம். காலையில மெஷின் வரும், பிணம் வெளிய வரும், தவளை உள்ள போவான். கொலைகாரன் போட்ட கணக்கு அதுதான்.”

“அப்படின்னா...”

“தூர் வாருவாங்கன்னு மனசார நம்பியிருக்கான். அந்த மாதிரி ஆள் யார் இந்த ஊர்ல?”

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தலைவர்கூட பூட்ஸ் குலுங்கச் சிரித்தார். பொறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நம்பறதா? நம்ம ஆணையர் ஐயா ஒருத்தர்தான் மேடம் நம்பினார், பாவம். தூர் வாரி முடிச்சோம்னு சொன்னதும் என்னைக் கூப்பிட்டு, ‘கால்வாய்ல ஏதாவது கிடைச்சுதா?’ன்னு கேட்டார். மறுநாளும் கேட்டார். போன வாரம்கூடக் கேட்டார். அவ்வளவு அக்கறை...”

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே அடங்கியது.

மூலையில் ஆணையரின் பேனா நின்றிருந்தது.

“புது மோட்டார் எங்க சார்?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

ஆணையர் கர்சீப்பை எடுத்தார். துடைக்கத் துடைக்க முகம் வேர்த்தது.

“வித்துட்டேன்.”

“வந்த வாரத்துலயேவா?”

“குடோன்ல சும்மாதானே கிடந்துச்சு. தவளை கத்தினதுல சாவிக்கொத்துக்குச் சந்தேகம் வந்திருச்சு. சாயங்காலம் திரும்பி வந்து, மேலிடத்துக்குச் சொல்லப் போறேன்னான்.”

இந்த நகராட்சியில் இவ்வளவு சுறுசுறுப்பாக ஒரு வேலை நடந்தது அதுதான் முதல் தடவை!

ஏட்டு விலங்கை எடுத்தார். ஆணையருக்கு அதுவரை அடக்கிவைத்த கோபம் பீறிட்டது. பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“ஏன்யா வாரலை? நான் கையெழுத்துப் போட்ட உத்தரவுய்யா அது. வாரியாச்சுன்னு போட்டோ காட்டினே. பிணத்தைக் காணோம். யார்கிட்ட போய்க் கேட்பேன் நான்? ரெண்டு மாசமாச் சோறு இறங்கலை, தூக்கமில்லை... கடமைன்னு ஒண்ணு வேண்டாமா மனுஷனுக்கு?”

“நடங்க சார். கடமையைப் பத்தி ஜீப்ல பேசலாம்,” என்றார் ஏட்டு.

தவளையின் மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா திரும்பக் கிடைத்துவிட்ட அழுகை அது. இன்ஸ்பெக்டரம்மா ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“ரைட்டர்... தவளையை உடனே வெளிய விடுங்க. அவன் இல்லை.”

மறுமுனையில் ஒரே இரைச்சல்.

“விட்டுட்டேன் மேடம். போக மாட்டேங்கிறான்.”

“என்னய்யா சொல்றீங்க?”

“நிவாரண முகாம்னு அறிவிச்ச பள்ளிக்கூடம்தான் முதல்ல முழுகிச்சாம். இப்ப ஊர்ல காய்ஞ்ச தரைன்னு இருக்கறது நம்ம லாக்கப் மட்டும்தான். மளிகைக் கடைக்காரர் குடும்பத்தோட வந்து, கொலை பண்ணது நான்தான்னு ஒத்துக்கிட்டார். அவருக்குப் பின்னால ஒரு தெருவே வரிசையில நிக்குது. மத்தியானச் சாப்பாடு உண்டான்னு வேற கேட்கிறாங்க.”

இன்ஸ்பெக்டரம்மா ஸ்பீக்கரை அணைத்தார்.

தவளையின் மனைவி அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அம்மா, இடம் தீர்ந்துடப் போகுது. அந்தக் கொலையில எனக்கும் ஒரு பங்கு எழுதிடுங்க. பிள்ளைங்க ரெண்டும் காலைப் பிடிச்சுக்கிச்சுன்னு சேர்த்துக்கோங்க.”