நிரப்பாத இடம்

போகும்போது 'டக்' என்று ஒலித்த டைல், திரும்பி வரும்போது 'டொம்' என்றது.

அவள் நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருடமாகப் புது வீடுகளைத் தட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. சாவி வாங்குவதற்கு முன்னால் யாராவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நுனியில் இரும்புக் குண்டு வைத்த நீண்ட கம்பி, ஒரு சுருள் நீல டேப், சாக்பீஸ், பேனா. வேறு ஆயுதம் கிடையாது. டைலுக்கு அடியில் கலவை ஒழுங்காக நிரம்பியிருந்தால் டக். கொத்தனார் கை சுருக்கிக் காலி விட்டிருந்தால் டொம். காலியான இடத்தில் டேப்பை ஒட்டி, 'காலி. நிரப்பித் தரவும்' என்று எழுதிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். கட்டியவர்கள் வந்து ஓரத்தில் துளை போட்டுக் கலவை ஊற்றிவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரு டைல் சத்தத்தை மாற்றிக்கொண்டு அவள் பார்த்ததில்லை.

இந்த முறை வாடிக்கையாளர் அவளேதான். வாடகை வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசி வரைதான் கெடு. அவளும் மருந்துக்கடைக்காரரான கணவரும் பேசிப் பேசி மூன்று புறநகர்க் குடியிருப்புகளில் மூன்று புது வீடுகளைப் பொறுக்கி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைக்கு ஒரு வீடு. ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. ஆறு வயது மகள் சுண்டுவுக்கு இதுவரை தனியாக ஓர் அறை இருந்ததில்லை என்பதால், எந்த வீட்டுக்குப் போனாலும் அந்தக் குட்டிக்கு ஓர் அறையைத்தான் அவள் முதலில் தேடினாள்.

முதல் வீடு ஏரிப் பக்கம். அங்கே நாற்பது வீடுகளும் அச்சில் வார்த்தவை. வெள்ளைச் சுவர், கறுப்பு ஜன்னல், கண்ணாடி வைத்த பால்கனி. அந்தப் பால்கனியில் நின்றால் அடுத்த வீட்டுக் கண்ணாடிப் பால்கனி தெரியும், அவ்வளவுதான். நிதானமாக இருப்பவனே வழி தவறிப் பக்கத்து வீட்டில் போய்ச் செருப்பைக் கழற்றிவிடுவான் என்று நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள். முகத்தில் ஒரு மச்சம்கூட இல்லாத வீடு, ஆனால் வேலை சுத்தம். கிழக்கு அறையை முழுக்கத் தட்டிப் பார்த்தாள், எல்லாம் டக். ஜன்னலோரம் மேசை போட்டால் சுண்டு உட்கார்ந்து படம் வரைவாள் என்று தோன்றியது. கையிலிருந்த வரைபடத் தாளில் அந்த அறைக்குள் 'பாப்பா ரூம்' என்று எழுதினாள். வெளியே வரும் வழியில் சும்மா ஒருமுறை தட்டினாள்.

டொம்.

சுற்றிலும் தட்டி எல்லை பார்த்தாள். ஒரு சாண் அளவுதான் காலி. புதுப் பெயிண்ட் வாடைக்கு நடுவே, ரொம்ப நாள் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசம் லேசாக வந்தது. வெயிலில் அலைந்ததால் காது அடைத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, டேப்பை ஒட்டி எழுதிவிட்டு வந்தாள்.

இரண்டாவது, மலைச்சரிவுக் குடியிருப்பு. ஏரிப் பக்கத்தில் இல்லாத அழகெல்லாம் இங்கே வழிந்து ஓடியது. எதையும் தாங்காத தூண்கள், சுவரில் ஒட்டிய ஒரு விரல் கனச் செங்கல், அடுப்பே இல்லாத வீட்டுக்குப் புகைபோக்கி. மகாராஜா வேஷம் கட்டிய ஆள் ஒப்பனையோடு பஸ் ஏற நிற்பது போல வீதி முழுக்க வீடுகள் நின்றன. மாடியில் மட்டும் ஓர் அறை அவளைப் பிடித்து நிறுத்தியது. சாய்ந்த கூரை, வட்ட ஜன்னல். சுண்டு பார்த்தால் குதிப்பாள். தரையைத் தட்டினாள், அத்தனையும் டக். தாளில் எழுதினாள். கம்பியைத் தூக்கிக்கொண்டு திரும்பி, இரண்டடி வைத்து, வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொன்னபோதே தட்டினாள்.

டொம்.

இந்த முறை ஒரு டைலோடு நிற்கவில்லை. சாக்பீஸால் எல்லை போட்டபோது இரண்டடி நீளத்துக்கு வந்தது. டைலுக்கு அடியில் இருப்பது கட்டைவிரல் கனக் கலவை, அதற்கும் கீழே கான்கிரீட் தளம், அதற்கும் கீழே ஹாலின் காற்று. இவ்வளவு ஆழமான சத்தத்துக்கு அங்கே இடமே இல்லை. அதைவிட, தட்டியதற்கும் ஒலி வந்ததற்கும் நடுவே மிகச் சிறிய ஓர் இடைவெளி இருந்தது. கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்வது போல. பழக்கம் விடவில்லை, கை தன்பாட்டுக்கு டேப்பைக் கிழித்து ஒட்டி எழுதியது. படிகளில் கிட்டத்தட்ட ஓடித்தான் இறங்கினாள்.

இரண்டு வீட்டிலும் தரைக்கு அடியில் காலி இருக்கிறது என்று வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். "நீ சொர்க்கத்துக்குப் போனாலும் வாசல்ல தரையைத் தட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள போவ" என்றார். அவளும் சிரித்து வைத்தாள். டைல் சத்தத்தை மாற்றிக்கொண்டது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்ற பயம்.

மூன்றாவது வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய தெரு, நிழல் விழும் பெரிய மரங்கள், ஒரு வீடு மாதிரி இன்னொன்று இல்லை. புதிதாகக் கட்டியவர் தெருவின் குணத்தைத் தெரிந்து கட்டியிருந்தார். ஆழமான முகப்பு, கனத்த சுவர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் ஜன்னல்கள், கை வைத்தால் வழவழக்கும் மரப் படிக்கட்டு. பார்த்ததுமே அவளுக்கு மனசு ஒட்டிக்கொண்டது. கணவர் ஏற்கெனவே தலையாட்டிவிட்டார், திங்கட்கிழமை கையெழுத்து. அன்று மூன்று பேருமாக வந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் சாவியைக் கொடுத்து, இன்னும் மின் இணைப்பு வரவில்லை, வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினார்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஒரே ஒரு கதவு, கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். அவள் அவசரப்படவில்லை. மூலையில் ஆரம்பித்து வரிசை வரிசையாக, ஒவ்வொரு டைலிலும் நான்கு முனை, நடுவில் ஒன்று. டக். டக். டக். கடைசி டைல் வரை டக். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தாளில் அவள் எதுவும் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதவில்லை.

சுண்டு வாசலில் வந்து நின்றாள். "அம்மா, இது என் ரூமா?"

"ஆமாடா. உன் ரூம்தான்."

சொல்லி முடித்து, வெளியே நகரக் கம்பியை ஊன்றினாள்.

டொம்.

அவள் முழங்காலிட்டாள். சாக்பீஸ் எடுத்தாள். தட்டத் தட்டக் கோடு நீண்டது. ஒரு முனையில் வட்டமாக, கொஞ்சம் தள்ளி அகலமாக, பிறகு ஒடுங்கி ஒடுங்கி. கடைசியில் கோடு மூடியது. அளவுநாடாவை வைத்துப் பார்த்து, நீளத்தைத் தாளின் ஓரத்தில் குறித்தாள். டேப்பை ஒட்டி, 'காலி. நிரப்பித் தரவும்' என்று எழுதினாள். எழுதியபிறகுதான் எழுதியதே அவளுக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் சுண்டு, விளையாட்டு என்று நினைத்து, கோட்டுக்குள் மல்லாந்து படுத்தாள். உச்சந்தலை மேல் கோட்டைத் தொட்டது. குதிகால் கீழ்க் கோட்டைத் தொட்டது. தோள்கள் இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் பொருந்தின.

"அம்மா, சரியா இருக்கு பாரு."

அவள் குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். சுண்டுவின் முகம் அழுகைக்குத் தயாரானது. ஒன்றுமில்லடா, தரை ஜில்லுனு இருக்கு, சளி பிடிக்கும் என்று எதையோ சொல்லி, தூக்கிக்கொண்டு போய் மரப் படிக்கட்டில் உட்கார வைத்தாள். அப்பா இறங்கி வரும் வரை அசையக் கூடாது என்றாள். சத்தம் போட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். இதோ வர்றேன் என்று மேலேயிருந்து குரல் வந்தது. போய்விட வேண்டும். இந்த வீடு வேண்டாம். ஆனால் எதைச் சொல்லி வேண்டாம் என்பது? திங்கட்கிழமையை எப்படித் தள்ளுவது? மற்ற இரண்டில் ஒன்றையாவது தேற்ற முடியுமா?

சமையல் மேடையில், ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் மூன்று தாள்களையும் விரித்தாள். மூன்று வீட்டையும் கட்டியவர்கள் வேறு வேறு ஆட்கள். மண் வேறு. டைல் வேறு. ஒன்றில் கிழக்கு அறை, ஒன்றில் மாடி, ஒன்றில் சமையலறைக்குப் பின்பக்கம். ஒரு பொருத்தமும் இல்லை. விரலால் தடவித் தடவித் தேடினாள். பிறகு தெரிந்தது. இரண்டு தாளில் அவள் எழுதினாள், மூன்றாவதில் வாயால் சொன்னாள். அவள் எந்த அறையைக் குழந்தைக்கு என்று தேர்ந்தெடுத்தாளோ அந்த அறை. தேர்ந்தெடுத்த பிறகு. அதற்கு முன்னால் இல்லை.

ஓரத்தில் அளவுகள். ஒரு சாண். இரண்டடி. மூன்றடி ஏழங்குலம்.

மூன்றடி ஏழங்குலம் என்பது அவளுக்கு மனப்பாடம். போன வாரம்தான் பள்ளிச் சீருடைக்காகச் சுண்டுவின் உயரத்தை அளந்தார்கள்.

டொம்.

சத்தம் சின்ன அறையிலிருந்து வந்தது. கம்பியை அங்கேயே போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. படிக்கட்டைப் பார்த்தாள். காலி.

"சுண்டு, வெளிய வா."

"ஒரே ஒரு தடவைம்மா."

டொம்.

"வான்னு சொன்னேன்ல."

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. அவள் மேடையைச் சுற்றி ஓடினாள். எட்டு அடி. பத்து அடி இருக்குமா? வாசலிலிருந்து அவள் கண் நகரவில்லை. யாரும் வெளியே வரவில்லை.

அறையில் யாரும் இல்லை.

ஜன்னல் கம்பிகள் அப்படியே. கதவுக்குப் பின்னால் பார்த்தாள். சுவர். அலமாரி இன்னும் வைக்கவில்லை, ஒளிய ஓர் இடம் கிடையாது. கம்பி தரையில் கிடந்தது. இரும்புக் குண்டு மெதுவாக உருண்டு, ஆடி, நின்றது.

பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். வெறும் சுவர்கள் அவள் குரலையே திருப்பிக் கொடுத்தன.

சாக்பீஸ் கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குள் இருந்த டைல் இடுக்குகளில் பூசிய வெள்ளைச் சிமெண்ட் மட்டும் கறுத்திருந்தது. மூன்று மாதம் முன்பு போட்ட தரை. காய்ந்து கல்லாகிப் போயிருந்ததை அவளே சற்று முன் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இப்போது விரலை வைத்தாள். ஈரம். விரல் நுனி உள்ளே போனது. சாம்பல் நிறக் கலவை, புதுசு, இளம் சூடாக இருந்தது.

கணவர் படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. "தொட்டி நல்லா பெருசுதான். ஆமா, சுண்டு எங்க?"

அவள் கம்பியை எடுத்தாள். வட்டமான முனையில் வைத்துத் தட்டினாள்.

டக்.

அகலமான இடத்தில் தட்டினாள். டக். ஒடுங்கும் இடத்தில். டக். தலையிலிருந்து கால் வரைக்கும், எங்கேயும் ஒரு விரல் அளவு காலிகூட இல்லாமல் நிரம்பியிருந்தது.