சல்லடையில் தேறிய வரி

தில்லிபாபு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டை முடித்தான். ரோஷிணி அதைத் திருப்பிப் போட்டபோது ஒலிபெருக்கியிலிருந்து “வணக்கம்” வந்தது, கடைசியில் “புளியந்தோப்பு” வந்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

“சல்லடை எல்லாத்தையும் முழுங்கிடுச்சு பாபு” என்றாள். அவள்தான் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் சொந்தக்காரி; அவனுடைய முதல் ராப் ஆல்பத்தை வெளியிடப் போகிறவள்.

பொய்யை ஒழிக்கச் சட்டம் வந்த பிறகு மைக், ஒலிபெருக்கி, கைபேசி என்று குரல் போகிற கருவி எல்லாவற்றிலும் மெய்ச்சல்லடை பொருத்தியிருந்தார்கள். தான் நம்பாத ஒன்றைச் சொல்லும்போது மனிதனின் தொண்டையில் ஒரு நுண்ணிய தயக்கம் விழுகிறது. நம் காதுக்கு அது கேட்காது, சல்லடைக்குக் கேட்கும். அந்த வாக்கியத்தை அது வெளியே விடாது. பொதுக்கூட்டங்களே சில மாதம் ஊமைப்படமாக நடந்தன. ராப் பாடகர்கள் பாடு கேட்கவே வேண்டாம். அவர்கள் பிழைப்பில் பாதி வீறாப்புதானே.

பாபுவின் வீறாப்பு அப்பாவைப் பற்றியது.

‘எங்க நைனா கை இரும்பு
எதுத்தவன் எல்லாம் துரும்பு
ரிங்குல ஒருநாளும் தோக்கல
ரத்தம் பாத்தும் வேர்க்கல.’

அந்த நைனா, எத்திராஜ், முதல் பாட்டுக்குத் திருஷ்டி சுற்ற எலுமிச்சம்பழத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். பேக்கரியில் பன் போடுகிறவர். கோழிச்சண்டையைக்கூட நின்று பார்க்க மாட்டார்.

“பன்னு போடறேன்னே எழுதேன்டா. சல்லடை சும்மா வுட்டுடும்.”

“பன்னுக்கு எவன் நைனா விசிலடிப்பான்? நம்ம ஏரியாவுல அப்பன் பாக்சரா இல்லன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

ரோஷிணி யோசித்துவிட்டுச் சொன்னாள். “ஏற்பகத்துக்குப் போய்ட்டு வந்துடலாம். மந்திரிங்க எல்லாம் அங்கதான் போறாங்க. தலையில ஒரு கவசம் மாட்டுவாங்க. நீ பாடற வரியை நீயே நம்பிடுவே. அவ்வளவுதான்.”

“அப்புறம்?” என்றார் எத்திராஜ்.

“ஆல்பம் வந்ததும் அந்த நம்பிக்கையை எடுத்துடலாம் அங்கிள். பாபுவே கேட்டாப் போதும், எடுத்துடுவாங்க.”

ஏற்பகத்துக்குப் போய் வந்த பாபு பாடினான். ஒரு சொல்கூட விழவில்லை. ரோஷிணி கைதட்டினாள். எத்திராஜும் தட்டினார், பயத்தோடுதான்.

மறுநாள் காலையில் பாபு பரணில் ஏறிப் பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா தேடறே?”

“உன் கிளவுஸ் நைனா. ஆல்பம் அட்டைக்குப் போட்டோ எடுக்கணும். எங்க வெச்சே?”

எத்திராஜ் சிரிக்கப் பார்த்தார். மகன் முகத்தில் விளையாட்டு இல்லை. சின்ன வயதில் தூக்கக் கலக்கத்தில் எழுந்து தன்னை யாரென்று கேட்ட பிள்ளையை ஒருநாள் பார்த்துப் பயந்தது போல இப்போதும் பயந்தார். அன்றைக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமாயிருந்தது.

“நான் சண்டையே போட்டதில்லடா. போய் அந்த நம்பிக்கைய எடுத்துடுன்னு கேளு, கண்ணு.”

“எதுக்கு எடுக்கணும்? பொய்யா இருந்தாத்தானே எடுக்கணும்?”

அதற்குமேல் ரோஷிணியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. “பாபு வாயால கேக்கணும் அங்கிள்” என்று மட்டும் சொல்லி, கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கேட்க வேண்டியவன் கேட்க மாட்டான். அவனைப் பொறுத்தவரை எடுக்க எதுவும் இல்லை.

‘இரும்புக் கை’ ஆல்பம் வெளியானது. டீக்கடை, ஆட்டோ, கல்யாண மண்டபம் என்று எங்கும் அந்த வரிதான். சல்லடையில் தேறிய பாட்டு, பிறகு அதில் பொய் எப்படி இருக்கும்? நம்பியதை மட்டுமே சல்லடை பார்க்கிறது, நடந்ததைப் பார்ப்பதில்லை என்பதை ஊரே மறந்து வெகுநாளாகியிருந்தது.

பேக்கரிக்கு வந்தவர்கள் எத்திராஜின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். மாவு பிசையும் இயந்திரத்தில் சிக்கி வளைந்த விரலைப் பார்த்து, “எந்த மேட்சுல வாத்தியாரே?” என்று கேட்டார்கள். குத்துச்சண்டை மன்றத்துக் கிழவர் ஒருவர் வந்து, “உன் இடது குத்து இன்னும் கண்ணுல நிக்கிது” என்று கண் கலங்கினார். அவர் கொண்டுவந்த பழைய புகைப்படத்தில் எத்திராஜ் வளையத்துக்குள் நின்றிருந்தார். காலடியில் ஒருவன் விழுந்து கிடந்தான்.

அந்தக் காலத்தில் மேட்சு நடக்கும் இடங்களுக்குப் பன் விற்கப் போனவர் எத்திராஜ். விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கயிற்றைத் தாண்டிப் போன நாள் அது. அப்படித்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் படத்தில் தண்ணீர் குவளை தெரியவில்லை.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். எத்திராஜ் அம்மியைவிட இளகிய மனிதர். மாவை உருட்டும்போது விரல்கள் தாமாக மடங்கி முஷ்டியாவதை ஒருநாள் பார்த்தார். சட்டென்று கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டார்.

மகனை மீட்க ஒரே வழி இருந்தது. ஆல்பத்துக்கு நடக்கவிருந்த பாராட்டு விழா மேடையில், மைக்கில், எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சல்லடை விட்ட சொல்லைப் பாபு நம்பித்தான் ஆக வேண்டும். நம்பினால் ஏற்பகத்துக்குப் போய்த் தானே கேட்பான். கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகினார். கண்ணாடியில் சல்லடை கிடையாது.

விழா நாளில் குத்துச்சண்டைத் திடல் நிறைந்திருந்தது. பாபு அவர் கழுத்தில் மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தான்.

“என் பேரு எத்திராஜ்.” திடல் முழுக்கக் கேட்டது.

“நான் பேக்கரியில பன்னு போடறவன்.” அதுவும் கேட்டது. கூட்டம் சிரித்தது. எத்திராஜுக்கு உயிர் வந்தது. மகனைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“நான் ஒருநாளும் சண்டை போட்டதில்ல.”

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை.

மறுபடி சொன்னார். அடித்தொண்டையிலிருந்து கத்திச் சொன்னார். கூட்டத்தின் இரைச்சலில் முன்வரிசைக்காரர்களுக்கும் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. யாரோ விசிலடிக்க, திடலே விசிலடித்தது.

பாபு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். “இன்னா நைனா இது? நீயே பொய் சொல்லலாமா?” என்றான், அழுதுகொண்டே.

எத்திராஜ் மகனின் தோளுக்குப் பின்னால் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். மாவு வாசனை வந்தது போலத்தான் இருந்தது.