நான்கு நிமிட இரக்கம்

வெர்னா ஸ்டபிள்ஃபீல்டு உட்காரவில்லை. கட்டுப்போட்ட வலது கையை மேசைமேல் தூக்கி வைத்தாள்.

“ஏழு தையல். இந்தக் கையாலதான் ஃபிளாஸ்க்கை எடுத்து அந்த மெஷினோட மூஞ்சியை உடைச்சேன். எனக்கு வருத்தமே இல்லை. இன்னும் நாலு போடு போட்டிருக்கணும்.”

கிராசியானா எச்செவெரி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். இருபத்தாறு வருடம் நெவாடா மாநிலத்துக்காகச் சூதாட்ட ஸ்லாட் மெஷின்களைச் சோதித்தவள். ஓய்வுக்குப் பிறகு எல்கோ நகரில் தனியார் துப்பறிவாளர். சுவரில் சாய்ந்து நின்ற ட்வைட் ஹாஸ்கின்ஸ் அவளுடைய கூட்டாளி. ஒரு காலத்தில் மெஷின் பழுது பார்த்தவன். எதற்கும் அவசரப்படுவான்.

“முதல்ல உட்காருங்க. என்ன நடந்தது?”

“காப்பர் லான்டர்ன் காசினோவில ஒரு மெஷின் இருக்கு. ஜாக்பாட் பத்தாயிரம் டாலரைத் தொடுறதுக்குள்ள விழுந்தே தீரும்னு தலைமேல போட்டிருக்கும். ஆடுற ஒவ்வொரு நூறு டாலருக்கும் ஒரு டாலர் அதில சேரும். செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். மதியம் ரெண்டு மணிக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தாறு. இன்னும் நானூறு டாலர் ஆடினா விழுந்தாகணும். என் பையில ஐந்நூறு இருந்தது. திடீர்னு திரை நீலமாயிடுச்சு. ‘அமைப்பு மாற்றப்படுகிறது, காத்திருக்கவும்’. சாயங்காலம் வரைக்கும் அது ஓடாதுன்னாங்க. சாப்பிடப் போனேன். மூணு மணிக்குத் திரும்பி வந்தா, கோடி மார்ச்சன்ட்னு ஒருத்தன் அதே மெஷின் பக்கத்தில நின்னு ஜாக்பாட் செக்கோட போட்டோவுக்குச் சிரிக்கிறான்!”

“அப்பதான் ஃபிளாஸ்க்கா?” என்றான் ட்வைட்.

“வேற என்ன, பூங்கொத்தா குடுப்பேன்? மாடியில உட்கார்ந்து என் மெஷினைத் திருகி அவனுக்குக் குடுத்துட்டாங்க. ஊரே என்னைப் பைத்தியம்ங்குது. காசினோவுக்குள்ள கால் வைக்கக் கூடாதாம். திரைக்கு மூவாயிரம் கட்டணுமாம்.”

“நான் எப்பவும் சொல்றேன்ல!” ட்வைட் சுவரைத் தட்டினான். “மாடியிலிருந்தே எல்லாத்தையும் மாத்துவானுங்க!”

“மாத்த முடியும்” என்றாள் கிராசியானா. “கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டினா போதும். ஆனா நீங்க ஆடிக்கிட்டிருக்கும்போது முடியாது. இங்கத்து விதி அப்படி. மெஷின்ல காசு மீதி இல்லாம, யாரும் தொடாம, நாலு நிமிஷம் சும்மா கிடக்கணும். மாத்தின பிறகும் அறிவிப்பு போட்டு நாலு நிமிஷம் பூட்டி வைக்கணும்.”

“நான் எழுந்திருக்கவே இல்லையே! நாலு நிமிஷம் சும்மா இருக்க நான் என்ன சிலையா?”

“காசு தீர்ந்ததா?”

“தீர்ந்தது. அடுத்த நோட்டை எடுத்தேன், அதுக்குள்ள பிரென்ட் சோர்லி வந்தார். தள மேனேஜர். அந்த இடத்தில மனுஷன்னா அவர் ஒருத்தர்தான். லைல் எப்படி இருக்கார்னு கேட்டார். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத் தூசியில நுரையீரல் போயிடுச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, பாவம், அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு. அப்புறம்தான் அந்தப் பாழாப்போன நீலத் திரை வந்தது. சாயங்காலம் வரைக்கும் ஓடாதுன்னு சொன்னதும், சாப்பாட்டுக் கூப்பன் குடுத்ததும் அவர்தான்.”

கிராசியானா பேனாவை மூடினாள். “கையில நோட்டு இருந்ததா, அவர் பிடிச்சப்போ?”

“இருந்தது. ஏன்?”

கிராசியானா தொலைபேசியை எடுத்தாள்.

மறுநாள் காலை காப்பர் லான்டர்னின் அலுவலக அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவதாக வந்த வெர்னாவைப் பார்த்ததும் உரிமையாளர் ஹெர்மன் ஃபிஸ்டருக்கு முகம் சிவந்தது.

“இவங்களை உள்ளே விட்டது யாரு?”

“நான்தான்” என்றாள் கிராசியானா. “உங்க உரிமம் பிழைக்கணும்னா உட்காருங்க.”

சோர்லி எழுந்து வெர்னாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். “வாங்க வெர்னாம்மா. கை எப்படி இருக்கு?”

கோடி மார்ச்சன்ட் தொப்பியை மடியில் சுழற்றிக்கொண்டிருந்தான். கிராசியானாவின் முதல் கேள்வி அவனுக்கு வந்தது.

“அந்த மெஷின்ல எப்படி உட்கார்ந்தீங்க?”

“சும்மா போயிட்டிருந்தேன். நீலத் திரை. நாலு நிமிஷம் நின்னேன், திறந்தது, உட்கார்ந்தேன். அதிர்ஷ்டம்.”

“சுத்தி எண்பது மெஷின் காலி. ஆடிக்கிட்டிருந்தவங்ககிட்டயே சாயங்காலம் வரைக்கும் ஓடாதுன்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்கு மட்டும் நாலு நிமிஷத்தில திறக்கும்னு யார் சொன்னது?”

தொப்பி நின்றது.

கிராசியானா ஃபிஸ்டர் பக்கம் திரும்பினாள். “கம்ப்யூட்டர் பதிவைப் படிங்க.”

ஃபிஸ்டர் கண்ணாடியை மாட்டினார். “மாற்றக் கட்டளை ஒண்ணு நாற்பதுக்குப் பதிவாகியிருக்கு. மெஷின்ல காசு தீர்ந்தது ரெண்டு ஆறு. மாற்றம் நடந்தது ரெண்டு பத்து. திறந்தது ரெண்டு பதினாலு. எல்லாம் விதிப்படிதானே?”

“பழைய பரிசு விகிதம்? நூறு டாலர் ஆடினா எவ்வளவு திரும்பும்?”

“தொண்ணூத்தொண்ணு.”

“புதுசு?”

ஃபிஸ்டர் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். “தொண்ணூத்தொண்ணு.”

“அப்ப எதையுமே மாத்தலையா?” ட்வைட் கத்தினான்.

“மெஷினை யாரும் திருகலை, ட்வைட். தேவைப்பட்டது அந்தப் பூட்டு மட்டும்தான், அதைக் காட்டி இவங்களைச் சாப்பிட அனுப்ப. கட்டளையை முன்னாடியே போட்டு வச்சாச்சு. மெஷின் நாலு நிமிஷம் சும்மா கிடந்தா அதுவே நடந்துடும். ஆனா வெர்னா எழுந்திருக்க மாட்டாங்க. அவங்க காசு தீர்ற நேரம் மேனேஜரோட திரையில தெரியும். தீர்ந்ததும் கீழே வந்து, அடுத்த நோட்டு உள்ளே போகாம கையைப் பிடிச்சுக்கணும். ரெண்டு ஆறுலேருந்து ரெண்டு பத்து வரைக்கும்.”

ட்வைட் கேமராப் படத்தை ஓட்டினான். ஓசையில்லாத படம். சோர்லி குனிந்து வெர்னாவின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்திருந்தான். அவள் விரல்களுக்கிடையில் நூறு டாலர் நோட்டின் முனை. இருமுறை அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். இருமுறையும் அவன் கைகளை இறுக்கினான். அவள் கண்ணை மூடி அழுத நேரம், அவன் தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

“கட்டளை போட்டது யாருடைய பெயர்ல?” என்றாள் கிராசியானா.

“சோர்லி” என்றார் ஃபிஸ்டர்.

“கோடி அவரோட மச்சான். கல்யாணப் பதிவை நேத்தே பார்த்தேன்.”

“இது அபாண்டம்!” சோர்லி எழுந்தான். “நான் அந்தம்மாவுக்கு ஆறுதல் சொன்னேன். அது குத்தமா?”

வெர்னாவும் எழுந்தாள். ட்வைட் அவசரமாக மேசையிலிருந்த கண்ணாடிக் குவளையை நகர்த்தினான். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

“என் புருஷன் ராத்திரியில எத்தனை தடவை மூச்சுத் திணறி எழுந்திருக்கிறார்னு கேட்டே. நான் சொன்னேன். என்ன சொன்னேன்?”

சோர்லி ஃபிஸ்டரைப் பார்த்தான்.

“என் கூடப்பிறந்தவங்ககிட்ட சொல்லாததை உன்கிட்ட சொன்னேன்டா. எத்தனை தடவைன்னு சொல்லு!”

அவனுக்குத் தெரியவில்லை. அவன் அன்று எதையும் காதில் வாங்கவில்லை என்பது அறையில் எல்லோருக்கும் புரிந்தது. கோடி மெதுவாகக் கதவுப்பக்கம் நகர, ட்வைட் அங்கே போய் நின்றுகொண்டான்.

ஃபிஸ்டர் இழுப்பறையைத் திறந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார். அதோடு ஒரு தாளும் வந்தது.

“முழு ஜாக்பாட்டும் உங்களுக்குத்தான். திரைக்காசும் வேண்டாம். இவனை இன்னிக்கே விரட்டிடுறேன். ஒரே ஒரு கையெழுத்து, விஷயம் வெளியே போகாதுன்னு. என்கிட்ட நூத்தி நாற்பது பேர் வேலை பாக்கறாங்க, யோசிங்க.”

வெர்னா தாளை முழுக்கப் படித்தாள். இடது கையால் அதை அவர் பக்கமே தள்ளினாள்.

“எனக்கு முன்னாடி எத்தனை பேர் கையை இவன் பிடிச்சான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பணம் என்னுது, அதைக் குடுங்க. வாய் என்னுது, அதை நான் விக்கலை.”

கிராசியானா மேசைத் தொலைபேசியை அவள் முன்னால் நகர்த்தி, மாநில ஆய்வு அலுவலகத்தின் எண்ணைச் சொன்னாள். தையல் போட்ட கையால் அழுத்த முடியவில்லை. வெர்னா இடது கையால், ஒவ்வொரு எண்ணாக, பலமாக அழுத்தினாள்.