முள் எடுத்த சத்தம்

காலையில் ஒலிச்சமன் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் பிலோமி முதலில் செய்வது அடிக்குரலைத் தூக்கிவிடுவதுதான். விடியற்காலையில் அடுக்ககத்தின் சத்தம் முழுவதையும் தாழ்த்தி வைத்திருப்பார்கள். சத்தம் தாழ்ந்தால் மனிதக் காது கனமான ஒலிகளைத்தான் முதலில் கைவிடும். லிஃப்ட் ஓடுவதும் கடல் இரைவதும் தகர டப்பாவுக்குள் நடப்பதுபோல் ஆகிவிடும். அதனால் கீழே கொஞ்சம் ஏற்றம், உச்சியில் ஒரு சிட்டிகை. கலவை சரியாக அமைந்தால், அப்படி ஒன்று நடப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

கடல் தூத்துக்குடிக்குள் புகுந்த பிறகு மிச்சமிருந்த ஜனங்களை அடுக்கடுக்காக மேலே ஏற்றினார்கள். சுவரெல்லாம் அட்டை. ஒரு வீட்டுக் குக்கர் மாடி முழுக்க விசிலடிக்கும். சண்டை, போலீஸ், கடைசியில் ஒரு கொலையும் நடந்தது. அதற்குப் பிறகுதான் செவிமணி வந்தது. பயறு அளவுதான் இருக்கும். காதுத் துளைக்குள் உட்கார்ந்துகொள்ளும். மூன்று வயதில் பொருத்துவார்கள். அதன் பிறகு எந்தச் சத்தமும் ஒலிச்சமன் அறை வழியாகத்தான் காதுக்குப் போகும்.

காது எல்லா ஒலியையும் ஒன்றுபோல் பாவிப்பதில்லை. நொடிக்கு இரண்டாயிரம் அதிர்விலிருந்து ஐயாயிரம் வரை அதற்கு ஒரு பைத்தியம். அங்கே ஊசி விழுந்தாலும் துள்ளும். விசில், பிரேக், தட்டில் கரண்டி கீறுவது எல்லாம் அந்த இடம்தான். அறையில் அதற்கு முள் என்று பெயர். பேச்சுக்கு மட்டும் விலக்கு உண்டு, முள் இல்லாவிட்டால் சொல் கொழகொழத்துப் போகும் என்பதால். சொல் இல்லாத எதுவானாலும் முள்ளை எடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். அதில் பிலோமியை மிஞ்ச ஆள் கிடையாது.

பச்சைப்பிள்ளையின் அழுகைக்கு ஏது சொல்? அதையும் எடுத்துவிட்டு, பெற்றவர்கள் காதில் ஒரு மணியை ஒலிக்க விடுவார்கள். கோயில் மணியை நனைத்து எடுத்ததுபோல் இதமான மணி. பிலோமியே தேர்ந்தெடுத்தது. கைவேலை இருந்தால் காதைத் தொட்டு ‘பிறகு’ என்றால் போதும், சமர்த்தாக நின்றுவிடும்.

“பிள்ளை இருக்க வீடுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. உனக்குத் தங்கம்லா பிறந்திருக்கு,” என்பாள் எதிர்வீட்டு சுபைதா அக்கா. ஐந்து மாத இனிகோவைப் பற்றி மாடியே அப்படித்தான் பேசியது. பிலோமிக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அன்று மதியம் கணவன் கிளாட்வின் வீட்டிலிருந்து கூப்பிட்டான்.

“பிலோமி, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது. எப்பத்துல இருந்துன்னே தெரியல. மணியே வரல பாத்துக்கோ.”

“டாக்டரக் கூப்பிடுங்க. நம்ம வீட்டு மைக் போயிருக்கும், நான் பாக்கேன்.”

அவள் தன் வீட்டின் பச்சை ஒலியைத் திறந்தாள். செவிமணிக்குப் போகும் முன் உள்ள, முள் எடுக்காத சத்தம் அது. மின்விசிறி கீச்சிட்டது. கிளாட்வின் டம்ளரை வைத்தது காதில் குத்தியது. மைக்குக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையின் மூச்சுகூட வேகவேகமாகக் கேட்டது. அழுகை மட்டும் இல்லை.

பக்கத்துத் தளங்களில் பிள்ளை இருந்த வீடுகளின் பச்சை ஒலியையும் திறந்தாள். குக்கர், கதவு, இருமல், எல்லாம் இருந்தது. அழுகை உட்காரும் இடம் எங்கேயும் துடைத்துக் கிடந்தது. இவ்வளவு நாளும் திரையில் அந்த வெறுமையைப் பார்த்துத் தன் கைத்திறன் என்று நினைத்திருந்தாள். எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டு வாசலிலேயே செவிமணியைப் பிடுங்கினாள். அடுக்ககம் முழுவதும் தலைக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் சொன்ன சொட்டு மருந்தைக் கிளாட்வின் அப்போதுதான் புகட்டியிருந்தான். இனிகோ விழித்துத்தான் கிடந்தான். துணி ஈரத்தில் ஊறியிருந்தது, இடுப்பெல்லாம் புண். மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பமும் இப்படித்தான் கிடப்பான். நான் சமத்துன்னுலா நெனச்சேன்,” என்றான் கிளாட்வின்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. இவன் அழுதப்பல்லாம் ‘பிறகு’ன்னுட்டோமே.”

“கொஞ்ச நேரம் கழிச்சுப் போகத்தானே செஞ்சோம். மணி அடிச்சுதுல்லா?”

“மணி அடிச்சா யாருக்குங்க பதறும்? பதறி ஓடத்தான் காதை அப்படிப் படைச்சிருக்கு. அந்தப் பதற்றத்தை நான் உக்காந்து வெட்டிட்டு இருந்திருக்கேன்.”

கிளாட்வின் தன் செவிமணியையும் கழற்றினான். காய்ச்சல் மருந்தில் இறங்கிவிடும். புண்ணும் ஆறும். பிலோமி காதால் கேட்க விரும்பியது ஒன்றுதான், அவன் அழுகை. துணியை மாற்றி, மடியில் போட்டுக்கொண்டு, காத்திருந்தாள். இனிகோ அசையவில்லை. கடைசியில் தாங்க முடியாமல் அவன் தொடையில் கிள்ளினாள்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு!” கிளாட்வின் அவள் கையைப் பிடித்தான்.

பிள்ளையின் முகம் சுருங்கியது. வாய் அகலத் திறந்தது. கண் நிறைந்து, நீர் காதோரமாக வழிந்தது. பிலோமி தன் காதை அந்த வாயருகே கொண்டுபோனாள். சூடான மூச்சு மட்டும் வந்தது.

“அழுலே ராசா. அம்மைக்கு இப்பம் கேக்கும்லே. கத்து, சத்தமாக் கத்து,” என்று கெஞ்சினாள்.

இனிகோ வாயை மூடிக்கொண்டான். அவளைத் தாண்டி மறுபடியும் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினான்.